பள்ளிக்கூடம் மாறும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டியது

மட்டக்களப்பில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் மாறினால் சொந்தக்காரர் கேட்கும் முதல் கேள்வி "படிப்பு எப்பிடிப் போகுது?" என்பதுதான். கோயிலில் கேட்பார்கள், கலியாண வீட்டில் கேட்பார்கள், செத்த வீட்டில்கூடக் கேட்பார்கள். பிள்ளை "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடும். நான் பல வருடமாக ஆறாம் தரத்துக்கு வகுப்பாசிரியராக இருக்கிறேன். வருடத் தொடக்கத்தில் வகுப்பில் அரைவாசிக்கு மேல் புதுமுகங்கள்தான். என்னைக் கேட்டால், படிப்பைப் பற்றிய விசாரணையை ஒரு தவணைக்குத் தள்ளிப் போடலாம். "அங்க இருந்த எது இங்க இல்ல?" என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை வாய் திறக்கும். பதில் ஆளுக்கு ஆள் வேறாக வரும். ஒருவனுக்கு முதலாம் பிள்ளை என்ற பேர் போயிருக்கும், ஒருத்திக்கு நித்திரை போயிருக்கும், இன்னொருத்திக்கு அம்மாவே பக்கத்தில் இருக்கமாட்டா.

எங்கள் பக்கத்தில் பாடசாலை மாற்றம் பெரும்பாலும் மூன்று விதமாக வரும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்து ஆறாம் தரத்துக்குப் பட்டணத்துப் பெரிய பாடசாலைக்குப் போவது ஒன்று. ஊர்ப் பாடசாலையில் பதினோராம் தரம் வரைதான் இருக்கிறது, அல்லது உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டும்தான் இருக்கிறது என்பதால், ஓ.எல் என்ற சாதாரண தரப் பரீட்சை முடித்து விஞ்ஞானமோ கணிதமோ படிக்க, அந்தப் பிரிவுகளும் உள்ள 1ஏபி பாடசாலை தேடிப் போவது இரண்டாவது. மூன்றாவதுக்கு நேரகாலம் கிடையாது. தகப்பனுக்கு இடமாற்றம், தாய் வெளிநாடு, வீட்டில் பிரச்சினை, முன்பென்றால் சண்டையும் சுனாமியும். முதல் இரண்டுக்கும் வீட்டில் பாற்சோறு சமைத்து வழியனுப்புவார்கள். மூன்றாவது வகைப் பிள்ளை ஏதோ ஒரு புதன்கிழமை அதிபரின் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கும், பழைய பாடசாலையின் கழுத்துப்பட்டியோடு.

நானும் மாறியவள்தான். ஊர் மண்டூர். உயர்தரம் படிக்கத் தொண்ணூறுகளின் கடைசியில் பட்டணத்துக்கு வந்து கல்லடியில் மாமி வீட்டில் நின்றேன். மண்டூர்த் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, பிறகு பஸ். சோதனைச்சாவடிகள் நிறைந்த காலம், நினைத்த நேரம் வீட்டுக்குப் போய்வர முடியாது. பட்டணத்துப் பிள்ளைகள் என்னோடு நல்லபடியாகத்தான் பழகினார்கள். ஆனால் எல்லோரும் ஆறாம் தரத்திலிருந்து ஒன்றாகப் படித்து வந்தவர்கள். ஒருத்தி ஏதாவது சொல்ல வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். அது எட்டாம் தரத்தில் நடந்த எதற்கோ வால் பிடித்த பகிடியாக இருக்கும். நானும் சிரித்து வைப்பேன். காலைக் கூட்டத்தில் பாடசாலைக் கீதம் பாடும்போது வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்பேன். யாரிடமாவது வரிகளைக் கேட்கலாம்தான். பதினேழு வயதில் அதைக் கேட்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

அதனால் என் வகுப்புக்கு வரும் புதுப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே பாடசாலைக் கீதத்தைக் கொப்பியில் எழுதிக் கொடுத்து, மெட்டோடு பாடிக் காட்டிவிடுவேன். அப்புறம் பழைய பிள்ளை ஒன்றோடு அனுப்பித் தண்ணீர்க் குழாய், கன்ரீன், நூலகம், மலசலகூடம் எல்லாம் காட்டச் சொல்வேன். மலசலகூடம் எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு, காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த பிள்ளைகள் உண்டு. பெண் பிள்ளைகள் என்றால் இது வருத்தத்தில் கொண்டுபோய் விடும். பெற்றோர் சேர்க்கும் நாளன்றே அந்த இடங்களைப் பிள்ளையோடு நடந்து பார்த்துவிடுங்கள். அதிபரோடு கதைத்து முடித்ததும் நேரே வாசலுக்குத் திரும்பிவிட வேண்டாம்.

மாறிப் படிப்பது எங்கள் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1892 இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையில் படித்து, பிறகு மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரிக்குப் போனவர். சைவ வீட்டுப் பிள்ளை, முதலில் மெதடிஸ்தரிடம், அடுத்துக் கத்தோலிக்கத் துறவிகளிடம். மயில்வாகனம் என்ற அந்தப் பையன் முதல் வாரம் யாருக்குப் பக்கத்தில் இருந்திருப்பான் என்று எனக்கு அடிக்கடி யோசனை வரும்.

சரி, புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வருகிறேன். அவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கும் கஷ்டம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. பெறுபேறு வந்ததும் ஊர்ச் சந்தியில் படம் போட்ட பதாகை தொங்கும். 200 க்கு எத்தனை என்பது தேநீர்க் கடைக்காரருக்கும் மனப்பாடம். ஊர்ப் பாடசாலையில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் யாரும் நின்றதில்லை. பெரிய பாடசாலையின் ஆறாம் தரத்தில் பக்கத்து வாங்கு, முன் வாங்கு, பின் வாங்கு எல்லாவற்றிலும் அதேபோலப் பதாகையில் தொங்கிய பிள்ளைகள்தான் இருப்பார்கள். முதலாம் தவணைப் பரீட்சையில் யாராவது கடைசிப் பத்துக்குள் வரத்தானே வேண்டும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வந்த ஒரு பையன் அப்படி வந்தான். தேர்ச்சி அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பையின் அடியில், மட்டைக்கும் துணிக்கும் நடுவில் சொருகி வைத்திருந்தான். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தகப்பன் கமக்காரர், வெள்ளைச் சேட்டும் சாரமும். "ரீச்சர், இவன் இப்பிடி இல்ல. டவுனுக்கு வந்து கெட்டுப் பெய்த்தான்" என்றார். பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுடைய வரலாற்று விடைத்தாளை எடுத்துத் தகப்பனிடம் காட்டினேன். "ஏன்" என்று கேட்ட கேள்விகளுக்கெல்லாம் ஒரே ஒரு சொல்லில் பதில். சொல் சரி. ஆனால் அந்தக் கேள்விக்கு மூன்று வசனம் எழுதியிருக்க வேண்டும். நாலாம், ஐந்தாம் தரங்களில் அவன் எழுதித் தள்ளிய மாதிரி வினாத்தாள்களில் கோட்டின் மேல் ஒரு சொல் எழுதினால் புள்ளி. இரண்டு வருடப் பழக்கம், ஒரு தவணையில் போகுமா?

அதோடு, ஐந்தாம் தரம் வரைக்கும் காலையிலிருந்து பள்ளி விடும்வரை பெரும்பாலும் ஒரே ரீச்சர். அவவுக்கு இவன் எழுத்து தெரியும், இவன் எப்போது பசியில் இருக்கிறான் என்றும் தெரியும். ஆறாம் தரத்தில் பாடத்துக்கு ஓர் ஆள். விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியுரிமைக் கல்வி, இரண்டாம் மொழிச் சிங்களம், செயன்முறையும் தொழினுட்பத் திறன்களும் என்று நீளும். ஒருவர் சீஆர் கொப்பி வேணும் என்பார், மற்றவர் எண்பது பக்கக் கொப்பி போதும் என்பார். ஒருவர் கரும்பலகையில் எழுதிப்போடுவார், மற்றவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போவார். சொல்லி எழுதிப் பழகாத பிள்ளை பாதி வசனத்தில் நிற்கும். மூளையில் பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது. ஒவ்வொரு பாடவேளைக்கும் ஆள் மாறி, ஆளோடு சட்டமும் மாறுவதற்குப் பிள்ளை பழக வேண்டியிருக்கிறது.

அந்தப் பையனோடு நாங்கள் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. "ஏன்", "எப்படி" என்று வரும் கேள்விகளை மட்டும் பொறுக்கி, நாளுக்கு ஒன்றாக, மூன்று வசனத்தில் எழுதச் சொன்னேன். பாடத்துக்கு ஒரு நிறத்தில் கொப்பி மட்டை போடச் சொன்னேன், நேரசூசியிலும் அதே நிறம். ஆனால் அவனைத் தூக்கி நிறுத்தியது இதுகூட இல்லை, பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி. வயல் வரம்பில் ஓடிப் பழகிய கால். தெரிவு ஓட்டத்தில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தான். அடுத்த நாள் இல்லத் தலைவன், உயர்தர வகுப்பு அண்ணன், எங்கள் வகுப்பு வாசலில் வந்து நின்று அவன் பேரைச் சொல்லிக் கேட்டான். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு இடைவேளையில் அவனைத் தனியாகக் கண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வருடக் கடைசியில் வகுப்பின் நடுப்பகுதிக்கு வந்திருந்தான். தகப்பனுக்கு அது காணாது. எனக்குக் காணும்.

பெற்றோருக்கு நான் சொல்வது, முதல் வருடம் "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்காதீர்கள். எந்த ரீச்சர் சொல்வது விளங்கவில்லை, எந்தக் கொப்பி பாதியில் நிற்கிறது என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். "இனி விளையாட்டெல்லாம் வேணாம், படி" என்று முதலில் மறிப்பது விளையாட்டைத்தான். புது இடத்தில் பிள்ளையை நாலுபேருக்குத் தெரியவைப்பது மைதானமோ பாண்ட் வாத்தியக் குழுவோ பேச்சுப் போட்டியோ ஆகத்தான் இருக்கும். முதல் தவணையில் அதை மறித்தால் பிள்ளைக்கு வேறு வழி கிடையாது.

ஆங்கில மொழிமூலம் பற்றியும் கேட்பார்கள். பெரிய பாடசாலைகளில் ஆறாம் தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கலாம். பேருக்காக அதில் போட அவசரப்படும் பெற்றோர் அதிகம். ஆங்கில மொழிமூல விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லி, விளங்கியதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பாதியாவது வந்தால் போடுங்கள். வராவிட்டால், இடம் மாறிய அதே வருடம் மொழியையும் மாற்றுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

இனித் தூரம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவர்களுக்குப் படுவான்கரைப் பிள்ளையின் காலை தெரியாது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்கு வாவியைக் கடக்கும் கஷ்டம் போயிற்று, உண்மை. ஆனால் உள் ஊர்களிலிருந்து பிரதான வீதிக்கு வருவதுதான் பாடு. விடியப்புறம் தகப்பன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து சந்தியில் விடுவார். யானை வந்துபோன நாளென்றால் வெளிச்சம் வரும்வரை வெளிக்கிட முடியாது. மாரியில் வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடும். இவ்வளவையும் தாண்டி வந்த பிள்ளை ஏழரை மணிக்கு வாசல் மூடியதும் பிந்தி வந்தோர் வரிசையில் நிற்கும். பக்கத்தில், பாடசாலைக்கு எதிர் ஒழுங்கையில் இருந்துகொண்டு நித்திரை கொண்டு பிந்தியவனும் நிற்பான். இரண்டு பேருக்கும் ஒரே ஏச்சு.

இதற்கு ஒரு வழி இருக்கிறது, பெற்றோர் பலர் செய்வதில்லை. பஸ் எத்தனை மணிக்கு எங்கே ஏறுகிறது, எத்தனை மணிக்கு இறக்குகிறது என்று எழுதி, வகுப்பாசிரியர் ஊடாக அதிபருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். கடிதம் பாடசாலைக் கோவையில் இருந்தால் மாணவ தலைவர்களிடம் பிள்ளை ஒவ்வொரு நாளும் கதை சொல்ல வேண்டியதில்லை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச) பஸ்ஸுக்கு மாணவர் சீசன் சீட்டு எடுங்கள். விண்ணப்பத்தில் அதிபர் உறுதிப்படுத்த வேண்டும், டிப்போவில் கொடுக்க வேண்டும். தனியார் பஸ்ஸில் அது செல்லாது என்பதால் இ.போ.ச பஸ் ஓடும் நேரத்தை முதலே விசாரியுங்கள். பின்னேர ரியூசனை முதல் தவணையில் விடுங்கள். விடியமுன் எழும்பிய பிள்ளை பின்னேரம் ரியூசனில் இருந்து தூங்குவதற்குக் காசு கட்டுவானேன்?

தூரத்துக்கு மற்றத் தீர்வு சொந்தக்காரர் வீடு. நான் நின்ற மாமி நல்ல மனுசி. ஒரு நாளும் ஒரு குறை சொன்னதில்லை. இருந்தும் இரண்டாந்தரம் சோறு கேட்க எனக்கு வாய் வராது. வீட்டில் என்றால் சட்டியை வழித்துத் தின்பவள் நான். எங்கள் அம்மாவுக்கு அது எப்படி விளங்கியதோ தெரியாது, அறுவடை முடிந்ததும் அப்பாவிடம் சொல்லி ஒரு மூடை அரிசி மாமி வீட்டுக்கு அனுப்பி வைத்தா. மாமி "இது என்னத்துக்கு மச்சாள்" என்று கோபித்துக்கொண்டா. ஆனால் அன்று இரவு நான் இரண்டாந்தரம் போட்டுச் சாப்பிட்டேன். பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டில் விடுபவர்கள் காசோ அரிசியோ மீனோ, ஏதாவது பிள்ளையின் கண் காண அந்த வீட்டுக்குப் போகும்படி பாருங்கள். படிக்க எந்த மேசை, லைற் எத்தனை மணி வரைக்கும், வீட்டு வேலையில் பிள்ளையின் பங்கு எது என்று பெரியவர்கள் இருவரும் முதலே கதைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை என்றால் எந்த அறையில் படுப்பாள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் தாய் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சொந்தத்துக்குள் இதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்படக் கூடாது.

தமிழ்ப் பாடசாலைக்கு முஸ்லிம் பிள்ளையோ, முஸ்லிம் பாடசாலைக்குத் தமிழ்ப் பிள்ளையோ மாறி வருவது குறைவு. வரும்போது பாடசாலைக்கே கை கால் ஓடுவதில்லை. தகப்பன் பட்டணத்துக்கு மாற்றலாகி வந்ததால் அம்பாறைக் கரையோரத்திலிருந்து ஒரு பிள்ளை எங்களிடம் சேர்ந்தாள். அவளுடைய பழைய பாடசாலைக்கு நோன்பு காலத்தில் விடுமுறை. எங்களுக்கு அந்த மாதம் முழுக்கப் பள்ளி. நோன்போடு வந்து இருந்தாள். இடைவேளையில் மற்றவர்கள் சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று பகுதித் தலைவர் நல்ல மனதோடு நூலகத்தில் இருக்க ஒழுங்கு செய்தார். மூன்றாம் நாள் என்னிடம் வந்தாள். "ரீச்சர், எனக்கு லைப்ரரிக்குப் போகத் தேவல்ல. இவங்களோடயே இரிக்கன். எனக்குப் பசிக்கிறல்ல, சும்மா இரிக்கத்தான் அலுப்பு." மறுபடி மரத்தடிக்குப் போய்விட்டாள். கூட்டாளிகள் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு சாப்பிட, இவள்தான் அவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒழுங்கு செய்யமுன் பிள்ளையிடம் கேட்டால் பாதி வேலை மிச்சம் என்பதை அந்தப் பகுதித் தலைவரே பிறகு சொன்னார். கேட்டே தீர வேண்டிய விஷயம் ஒன்று உண்டு, சமயப் பாடம். ஓ.எல் வரை அது கட்டாயப் பாடம். புதுப் பாடசாலையில் பிள்ளையின் சமயத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா? முஸ்லிம் பிள்ளைக்கு மட்டும் வரும் கேள்வி இல்லை இது. ஊர்க் கத்தோலிக்கப் பாடசாலையிலிருந்து வேறு பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கும் இதே நிலைதான். ஆசிரியர் இல்லையென்றால் அந்தப் பாடவேளையில் பிள்ளை எங்கே இருக்கும், யார் படிப்பிப்பார், தவணைப் பரீட்சைக்கு வினாத்தாள் எங்கிருந்து வரும் என்று சேர்க்கும்போதே பேசி முடியுங்கள்.

தாய் மத்திய கிழக்குக்குப் போனதால் அம்மம்மா வீட்டுக்கு மாறி, அந்த ஊர்ப் பாடசாலையில் சேரும் பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். விண்ணப்பப் படிவத்தில் காரணம் "வதிவிட மாற்றம்". அதற்குள் எல்லாம் அடங்கிவிடும். இப்படியான ஒரு பிள்ளை நன்றாகப் படிப்பாள், ஆனால் தேர்ச்சி அறிக்கையைக் கையொப்பம் வாங்கிக் கொண்டுவரச் சொன்னால் நாள் கணக்காக இழுப்பாள். அம்மம்மாவுக்குக் கையெழுத்துப் போட வராது, பெருவிரல் அடையாளம்தான். அந்த மை படிந்த தாளை வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் நீட்ட வேண்டும், பிரச்சினை அதுதான். அதற்குப் பிறகு அறிக்கைகளை ஒவ்வொருவராக மேசைக்கு வந்து மூடிய கடித உறையில் தரும்படி எல்லோருக்கும் பொதுவாகவே மாற்றிவிட்டேன். வளர்க்கும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாய் எப்போது அழைப்பு எடுப்பா, பிள்ளை எந்த நாளில் சுணங்கும் என்று வகுப்பாசிரியர் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வட்ஸ்அப்பில் அழுத பிள்ளை திங்கட்கிழமையும் அழும் முகத்தோடுதான் வரும். காரணம் தெரிந்தால் நாங்கள் ஏசமாட்டோம்.

பேச்சு வழக்கில் வரும் கேலி பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. மலையகத்திலிருந்து வந்த பிள்ளை "வாங்க, போங்க" என்றால் எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள், எங்கள் பிள்ளை கொழும்புக்குப் போனால் அங்கே சிரிப்பார்கள். ஆசிரியர் சிரிக்காமல் இருந்தால் இரண்டு கிழமையில் அடங்கிவிடும். ஆசிரியரும் சேர்ந்து சிரித்தால் வருடக் கடைசி வரைக்கும் போகாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததைத் தனியாக எழுத வேண்டும், இது அதற்கான இடம் இல்லை. அப்போது நான் தொண்டர் ஆசிரியை. கரையோரப் பாடசாலைகள் பல உடைந்து கிடந்தன, உடையாதவற்றில் அகதி முகாம்கள். பிள்ளைகளை வேறு பாடசாலைக் கட்டடங்களில் பின்னேரத்தில் இருத்திப் படிப்பித்தோம். விடுகைப் பத்திரமும் இல்லை, வெள்ளைச் சட்டையும் இல்லை, புத்தகமும் இல்லை. அங்கே நான் கண்டதில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். பழைய வகுப்பைக் கலைக்காமல் கூட்டாளிகளோடு சேர்த்து ஒரே அறையில் இருத்தப்பட்ட பிள்ளைகள் சீக்கிரம் எழுதத் தொடங்கினார்கள். இட வசதிக்காகப் பல வகுப்புகளுக்குப் பிரித்துப் போடப்பட்டவர்கள் நெடுநாள் பேசாமலே இருந்தார்கள். இன்றைக்கும் ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பிள்ளைகள் ஆறாம் தரத்துக்கு வந்தால் குறைந்தது ஒரு சோடியையாவது ஒரே பிரிவில் போடும்படி கேட்கிறேன். "ஊர்க்காரர் ஒன்றாக இருந்தால் மற்றவர்களோடு சேரமாட்டார்கள்" என்று சில ஆசிரியர்கள் சொல்வார்கள். என் அனுபவம் நேர்மாறு. பக்கத்தில் ஒரு தெரிந்த முகம் இருக்கும் பிள்ளைதான் தெரியாத முகத்தோடு பேசத் துணியும்.

பத்தாம் தரத்தில் மாற்ற வேண்டி வந்தால் கவனம். இப்போதுள்ள முறைப்படி ஓ.எல் இல் ஆறு பாடம் எல்லோருக்கும் பொது, மற்ற மூன்றும் மூன்று தொகுதிகளிலிருந்து தெரிவு செய்வது. பழைய இடத்தில் பிள்ளை நாடகமும் அரங்கியலும் எடுத்திருக்கும், புது இடத்தில் அதற்கு ஆசிரியர் இருக்கமாட்டார். நடுவில் சித்திரத்துக்கு மாறிய ஒரு பிள்ளை என்னிடம் வந்து, பென்சிலைப் பிடிக்கவே கை நடுங்குகிறது என்றாள். மேடையில் நின்றால் அந்தக் கை நடுங்கியதில்லை. ஆகவே விடுகைப் பத்திரம் எடுக்கமுன் புதுப் பாடசாலைக்குப் போய், எந்தெந்தத் தொகுதிப் பாடம் அங்கே உண்டு என்று எழுதி வாங்கி வாருங்கள். ஓ.எல் எழுத அடையாள அட்டை வேண்டும், அந்த விண்ணப்பம் பாடசாலை ஊடாகத்தான் போகிறது. பரீட்சை விண்ணப்பமும் அப்படியே. நடுவில் மாறினால் இரண்டில் ஒன்று இரண்டு பாடசாலைக்கும் நடுவில் விழுந்துவிடும். யார் அனுப்புகிறார்கள் என்று இரண்டு இடத்திலும் கேட்டு வையுங்கள்.

காகிதங்கள் என்று பார்த்தால் விடுகைப் பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கடைசித் தேர்ச்சி அறிக்கைகள், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று. எல்லாவற்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். இந்தக் கரையில் மாவட்ட எல்லையும் ஒரு விளையாட்டு. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமானபோது விழுந்த கோட்டில் துறைநீலாவணை மட்டக்களப்பிலும் பக்கத்துப் பெரியநீலாவணை அம்பாறையிலும் இருக்கின்றன. சைக்கிளில் போகும் தூரத்துக்குப் பாடசாலை மாறினாலும் கல்வி வலயம் மாறும், மாவட்டம் மாறும், கடிதம் போகும் பணிமனையும் மாறும். வருட நடுவில் போனால் பாடநூல்களும் சிக்கல். பழைய இடத்தில் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள், புது இடத்தில் கையிருப்பு முடிந்திருக்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இருக்கின்றன. புத்தகம் கிடைக்கும்வரை தேவையான பாடத்தை மட்டும் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

கடைசியாக, திரும்பிப் போவது பற்றி. இதை ஊரில் யாரும் வாய் திறந்து பேசமாட்டார்கள், பதாகை கட்டிய பிள்ளை திரும்பி வந்தால் மானம் போகும் என்று நினைப்பார்கள். இரண்டு தவணை போயும் பிள்ளை காலையில் வாந்தி எடுக்கிறது, ஞாயிறு பின்னேரம் காய்ச்சல் வருகிறது, ஒரு கூட்டாளியின் பேர்கூடச் சொல்லத் தெரியவில்லை என்றால் அதைப் பிடிவாதமாக இழுக்காதீர்கள். வைத்தியரிடம் காட்டுங்கள், ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் பேசுங்கள், பிறகு பழைய பாடசாலை அதிபரிடம் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். என் வகுப்பில் ஒருவன் ஆறாம் தரம் முடித்து ஊருக்கே திரும்பிப் போனான். தாய் என் முன்னால் நின்று அழுதா, அவனுக்கு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது. ஊர்ப் பாடசாலையில் ஓ.எல் எழுதினான். பிறகு உயர்தரத்துக்கு அவனாகவே எங்கள் பாடசாலைக்கு விண்ணப்பித்து வந்தான். இந்தத் தரம் பஸ் நேரம், பகிடி, பாடசாலைக் கீதம் எல்லாம் அவனுக்கு முதலே தெரிந்திருந்தது. புதிதாக வந்த மற்றப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்க் குழாய் காட்டும் வேலையை அவனிடம் கொடுத்துவிட்டேன்.